ஏற்காட்டுப் புத்தகத்தை ஸ்கிரைபஸில் அமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: ஏற்காட்டின் காபி, மிளகு, மலைக் கிராமங்கள் பற்றி 112 பக்கத்துக்கு மேட்டர் தயார். வேர்டில் அடித்தது; அதில் பாதி பழைய பாமினி எழுத்தில் இருக்கிறது. நாற்பது படங்கள். சேலத்தில் விசாரித்த அச்சகம் "பேஜ்மேக்கர் ஃபைல் கொடுங்க, இல்லைன்னா பிரிண்ட்ரெடி பிடிஎஃப் கொடுங்க" என்கிறது. மென்பொருளுக்குக் காசு செலவழிக்காமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். புத்தகப் பக்கங்களை அமைக்கும் ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், கட்டற்ற மென்பொருள். ஆனால் பதிப்பைப் பார்த்து இறக்குங்கள். பழைய 1.4 வரிசையில் தமிழ் உருப்படியாக வராது. "கெ" என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். 2017-இல் வந்த 1.5.3-இல்தான் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு எந்திரம் உள்ளே வந்து தமிழ் சரியானது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். 1.6-இல் சேமித்த கோப்பை 1.4-இல் திறக்க முடியாது என்பதால், உதவிக்கு வருபவரின் கணினியிலும் அதே வரிசைப் பதிப்பு இருக்கட்டும். கூடவே கோஸ்ட்ஸ்கிரிப்டையும் நிறுவுங்கள். அச்சு முன்னோட்டம், ஈபிஎஸ் படம், பார்கோடு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

லிப்ரே ஆபீஸிலேயே பிடிஎஃப் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கறுப்பு வெள்ளை எழுத்து மட்டும் என்றால் பல அச்சகங்கள் வாங்கிக்கொள்ளும். வண்ணப் படம் வந்துவிட்டால் சிக்கல்: அது திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் பிடிஎஃப் எழுதும், அச்சுக்குத் தேவையான நான்கு மையாகப் பிரிக்காது. இன்னொரு வழி, கட்டளைகளை அடித்துப் பக்கம் அமைக்கும் ஸீலேடெக், லுவாலேடெக். அடிக்குறிப்பும் சொல்லடைவும் நிறைந்த 400 பக்க ஆய்வு நூல் என்றால் அதைத்தான் சொல்வேன். (லுவாலேடெக் என்றால் எழுத்துரு அமைப்பில் ஹார்ஃப்பஸ் ரெண்டரரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் தமிழ் உடையும்.) படமும் எழுத்தும் கலந்த உங்கள் புத்தகத்தைக் கண்ணால் பார்த்து அடுக்க வேண்டும். அதற்கு ஸ்கிரைபஸே வசதி.

பக்கம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாலு பக்கச் சோதனைப் பிடிஎஃப் ஒன்றை அச்சகத்துக்கு முதல் நாளே அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் கௌ, ணொ, றோ, லை, ஷூ, ஞூ, க்ஷ, ஸ்ரீ போன்ற வம்பு பிடித்த எழுத்துகள். ஒன்றில் வண்ணப் படம். ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றில் ஓரம்வரை ஓடும் நிறப் பட்டை. "இதை உங்க மெஷின்ல எடுத்து லேசர் பிரிண்ட் ஒண்ணு கொடுங்க" என்று கேளுங்கள். 112 பக்கம் முடித்த பிறகு தெரிய வேண்டிய கோளாறு அத்தனையும் அன்று மாலையே தெரிந்துவிடும்.

அடுத்தது மேட்டர். நேரத்தை அதிகம் தின்பது இதுதான். பாமினியில் அடித்த பகுதி உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு போடும் வேஷத்தால் தமிழாகத் தெரிகிறது. யுனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளாதீர்கள். நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் தாவரப் பெயர், முகவரி எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்து அர்த்தமில்லாத எழுத்தாக்கிவிடும். பத்தி பத்தியாக, பாமினிப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். மேற்கோள் குறிகளை அதற்குப் பிறகு கையால் பார்க்க வேண்டும்.

மாற்றியபின் தேடிப் பிடிக்க வேண்டிய பிழைகள் சில. "ஔவை" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக "ஒளவை" என அடித்திருப்பார்கள். "கௌரவம்" என்பதில் கொம்புக்குப் பின் உண்மையான ளகரம் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வரி உடையும் இடத்தில் காட்டிக்கொடுக்கும். அதேபோல் கொ, கோ வரிசை. சில விசைப்பலகைகள் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகப் போடும், சில ஒரே குறியாகப் போடும். அச்சில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் "கொண்டநாயக்கன்" என்று தேடினால் பாதி இடம் அகப்படாது. லிப்ரே ஆபீஸில் தேடி மாற்று போட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஓடிடி கோப்பாகச் சேமியுங்கள். தலைப்பு, உபதலைப்பு, உடல் பத்தி என்று ஸ்டைல் பெயர்களும் அங்கேயே போட்டுவிட்டால் ஸ்கிரைபஸ் அவற்றோடு சேர்த்தே இறக்குமதி செய்யும். வேர்டில் ஆங்காங்கே கையால் போட்ட தடிப்பும் சாய்வும் வராமல் முதலில் துடைத்துவிடுங்கள்.

எழுத்துரு: புத்தக உடலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ், தலைப்புக்கு முக்த மலர். மூன்றும் கட்டற்ற உரிமத்தில் வருபவை, விற்பனைப் புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நோட்டோவை கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கினால் "வேரியபிள்" என்று ஒரே கோப்பாக ஒன்றும், "ஸ்டாடிக்" என்ற கோப்புறைக்குள் தனித்தனிக் கோப்புகளும் இருக்கும். ஸ்டாடிக்கில் உள்ளதை மட்டும் நிறுவுங்கள். ஸ்கிரைபஸ் 1.6-க்கு வேரியபிள் எழுத்துருவின் தடிமன்களைப் பிரித்து எடுக்கத் தெரியாது. புதிய எழுத்துரு பட்டியலில் வர மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

இங்கே வேர்டுக்காரர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஸ்கிரைபஸ் போலித் தடிப்பு போடாது. தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த எழுத்துருவின் போல்டு கோப்பு உண்மையாகவே இருக்க வேண்டும். இன்னொன்று, தேர்ந்தெடுத்த எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்காது. சில தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தே இராது, ரூபாய்க் குறியும் இராது. காபிச் செடியின் இலத்தீன் பெயரை ஆங்கில எழுத்தில் தருவதாக இருந்தால், அதற்கென ஒரு கேரக்டர் ஸ்டைல் உருவாக்கி அதில் ஆங்கில இட்டாலிக் எழுத்துருவை வையுங்கள். பெயர் வரும் இடமெல்லாம் அந்த ஸ்டைலைத் தட்டினால் போதும்.

இனி ஆவணம். அளவை அச்சகத்திடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டெம்மி 1/8 என்று சொல்வார்கள். சுமார் 140 × 216 மி.மீ. வெட்டிய பிறகு அவர்கள் இயந்திரத்தில் ஓரிரு மி.மீ. குறையலாம், அவர்கள் சொல்லும் எண்ணையே போடுங்கள். புதிய ஆவணத்தில் இருபக்க அமைப்பு, முதல் பக்கம் வலப்புறம். ஓரங்கள்: உள்ளே 20 மி.மீ., வெளியே 15, மேலே 18, கீழே 22. பசை பைண்டிங்கில் உள் ஓரம் 20-க்குக் கீழே போனால், படிப்பவர் புத்தகத்தை இரண்டு கையாலும் பிளந்து பிடிக்க வேண்டிவரும். ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டி நிறம் நீளும் பகுதி, நான்கு புறமும் 3 மி.மீ.

112 பக்கம் நல்ல எண்ணிக்கை. டெம்மி 1/8-இல் ஒரு பாரத்துக்கு, அதாவது ஒரே தாளாக அச்சிட்டு மடிக்கும் பகுதிக்கு, 16 பக்கம். ஏழு பாரம் கச்சிதமாக வருகிறது. 114 ஆனால் இரண்டு பக்கத்துக்காகத் தனி பிளேட்டும் (அச்சுத் தகடு) தாளும் போகும். வண்ணப் படங்களை எங்கே வைப்பது என்பதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். பக்கம் 1–16 முதல் பாரம், 17–32 இரண்டாவது, 33–48 மூன்றாவது, 49–64 நான்காவது. வண்ணப் படம் அத்தனையும் 49 முதல் 64-க்குள் வந்துவிட்டால் அந்த ஒரு பாரத்தை மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மல்டிகலரில் ஓட்டலாம், மீதி ஆறும் மேப்லித்தோ என்ற சாதாரணப் புத்தகத் தாளில் ஒற்றை நிறம். புத்தகம் முழுக்கப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம் என்று தூவிவிட்டால் ஏழு பாரமும் நான்கு நிறம். செலவு எங்கேயோ போகும். இதை லேஅவுட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

மாஸ்டர் பக்கம், அதாவது உள்பக்கங்களுக்கெல்லாம் பொதுவான மாதிரிப் பக்கம், இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி. பக்க எண் அங்கேதான். இன்செர்ட் மெனுவில் பக்க எண் எழுத்தைப் போட்டால் "#" என்று தெரியும், உள்பக்கத்தில் எண்ணாக மாறும். உரைச்சட்டங்களை இணைக்க முதல் சட்டத்தைத் தேர்ந்து "என்" விசையைத் தட்டி அடுத்ததைச் சொடுக்குங்கள். 112 பக்கத்தையும் ஒரே சங்கிலியாகக் கோக்காதீர்கள். ஒரு எழுத்துத் திருத்தினாலும் கடைசிப் பக்கம் வரை மறுபடி அடுக்கும், மென்பொருள் திணறும். அத்தியாயத்துக்கு ஒரு சங்கிலி போதும். சட்டத்தின் கீழ் வலது மூலையில் சிவப்புப் பெட்டி தெரிந்தால் மேட்டர் வழிகிறது என்று பொருள். பொருளடக்கத்தை 1.6-இல் தானியங்கியாக எடுப்பது சுற்றுவழி. பன்னிரண்டு அத்தியாயத்துக்குக் கையால் அடிப்பதே வேகம். கடைசித் திருத்தம் முடிந்தபின் அடியுங்கள்.

உடல் எழுத்து 11 புள்ளி என்றால் வரி இடைவெளி 16 புள்ளி. ஆங்கிலத்துக்கு 13.5 போதும் என்ற பழக்கத்தில் தமிழை அடைத்தால், மேல் வரியின் "ஞூ", "ழு" கால்கள் கீழ் வரியின் "கி", "றீ" மேல்சுழியில் முட்டும். வரி இடைவெளியை "ஆட்டோமேட்டிக்"கில் விடாதீர்கள்; இலத்தீன் பெயர் வரும் வரி மட்டும் ஏறி இறங்கும். நிலையான அளவு வையுங்கள், அல்லது பேஸ்லைன் கிரிட்டை (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான வரிக்கோடுகள்) 16 புள்ளிக்கு அமைத்து அதில் ஒட்டவையுங்கள். பின்னது நல்லது: தாளின் பின்பக்க வரியும் முன்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழும், மெல்லிய தாளில் நிழல் தெரிவது குறையும்.

வரியை இரு ஓரமும் நேராக்கும்போதுதான் தமிழின் சுபாவம் வெளிப்படும். சொற்கள் நீளம், ஸ்கிரைபஸ் தமிழ்ச் சொல்லைத் தானாக நடுவில் உடைக்காது. "களத்தில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு வரி முடிய வேண்டிய இடத்தில் இரண்டாவது சொல் இடம் போதாமல் மொத்தமாகக் கீழே குதிக்கும். மேல் வரியில் மிச்சமிருக்கும் மூன்று சொல்லும் ஆளுக்கொரு திசையில் நிற்கும். பத்தி ஸ்டைலில் சொல் இடைவெளியின் குறைந்தபட்ச அளவை 85 சதவீதமாகவும், எழுத்து அகல நெகிழ்வை 98–102 ஆகவும் வைத்தால் பாதி வரிகள் சரியாகிவிடும். மீதிக்குக் கைவேலை. உடைக்க வேண்டிய இடத்தில் இன்செர்ட் மெனுவிலிருந்து அகலமற்ற இடைவெளியை, அதாவது ஸீரோ விட்த் ஸ்பேஸைச் செருகுங்கள். தமிழில் உடைவுக்குக் கோடு போடும் வழக்கம் இல்லை, கண்ணும் அதைத் தேடாது. "-" அடித்து உடைத்தீர்களானால், பின்னால் ஒரு திருத்தத்தில் வரி நகர்ந்து "உலர்த்திக்-கொண்டிருந்தார்கள்" என்று வரியின் நடுவே கோடு மாட்டிக்கொள்ளும். அச்சான புத்தகங்களில் இதை நிறையப் பார்க்கலாம். அகலமற்ற இடைவெளி நடுவில் மாட்டினாலும் தெரியாது.

எங்கே உடைப்பது? கம்பாசிடர்கள் காலத்து விதி இன்றைக்கும் செல்லும்: வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. "உலர்த்திக் / கொண்டிருந்தார்கள்" சரி. "உலர்த்தி / க்கொண்டிருந்தார்கள்" தப்பு. ஒற்றை எழுத்தை ஒரு வரியில் தனியாக விடுவதும் அழகில்லை. இந்த வேலை கடைசிப் ப்ரூஃப் திருத்தம் முடிந்த பிறகுதான். முன்னால் செய்தால் இரண்டு முறை செய்வீர்கள்.

படங்கள். பக்க அகலம் முழுக்க ஓடும் படத்துக்கு ப்ளீடும் சேர்த்து 146 மி.மீ.; 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் ஏறக்குறைய 1,725 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது இதற்கு ஆகாது. அளவு குறைவதோடு அழுத்திய கட்டங்களும் தெரியும். அனுப்புபவரை "டாக்குமெண்டாக" அனுப்பச் சொல்லுங்கள். பழைய தோட்ட வரைபடத்தை ஸ்கேன் செய்தால் கோட்டுப் படமாக 600 முதல் 1,200 பிபிஐ வரை.

ஏற்காட்டுப் படங்களில் இரண்டு வகை வம்பு செய்யும். மூடுபனி ஒன்று. திரையில் வெள்ளியாக மின்னுவது மேப்லித்தோவில் சாம்பலாகிவிடும். தாள் மையை உறிஞ்சி ஒவ்வொரு புள்ளியும் பருத்து, நடு நிறங்கள் இருண்டுபோவதுதான் காரணம். கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தியில் கர்வ்ஸை எடுத்து நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள். மிக வெளுத்த பகுதியில் 3 சதவீதத்துக்குக் குறைந்த புள்ளி பிளேட்டில் நிற்காது, பனியின் விளிம்பு திடீரென்று வெட்டியதுபோல் தெரியும், அதையும் கவனியுங்கள். மற்றது பழுத்த காபிப் பழம். அந்தச் சிவப்பு நான்கு மைக்குள் அடங்காது, மங்கித்தான் வரும். ஏமாற்றத்தை அச்சான பிறகு படாமல், ஸ்கிரைபஸில் நிற மேலாண்மையை இயக்கி அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபோக்ரா சுயவிவரம் ஒன்றைக் கொடுத்துத் திரையிலேயே பார்த்துவிடுங்கள். அச்சகத்திடம் சொந்த ஐசிசி சுயவிவரம் இருந்தால் அதுவே மேல். ஒற்றை நிறப் பக்கங்களுக்கான படங்களை முன்கூட்டியே கிரேஸ்கேலுக்கு மாற்றிவிடுங்கள்.

கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிறப் பட்டியலில் பிளாக், கூல் பிளாக், வார்ம் பிளாக், ரிச் பிளாக், ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஐந்து கறுப்பு இருக்கும், திரையில் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துக்கு "பிளாக்" மட்டுமே. அது கறுப்பு மை 100, மற்றவை பூஜ்யம். "ரெஜிஸ்ட்ரேஷன்" நான்கு பிளேட்டிலும் முழுதாக விழும், அது நான்கு நிறமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்க்கும் ஒட்டுக் குறிக்கானது. வேர்டிலிருந்து நிறத்தோடு வந்த கறுப்பு எழுத்து ஆர்ஜிபியாக இருந்தால் பிரிக்கும்போது நான்கு மையிலும் கலந்துவிடும். பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு, நீல நிழல் வரும். அந்த 16 வண்ணப் பக்கத்தின் படக்குறிப்புகளில்தான் இது முதலில் தெரியும்.

பிடிஎஃப் எடுக்கப் போனால் பிழை சோதிக்கும் ப்ரீஃப்ளைட் வெரிஃபையர் முதலில் எழும். வழியும் மேட்டர், எழுத்துருவில் இல்லாத எழுத்து, தரம் குறைந்த படம் எல்லாம் பக்க எண்ணோடு வரும். "இக்னோர்" பொத்தானைப் பழக்கமாக அமுக்காதீர்கள். பின்பு பிடிஎஃப் வகை. அச்சகம் எதையும் சொல்லாவிட்டால் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-3 எடுங்கள். நிற மேலாண்மை இயங்காவிட்டால் அந்தத் தேர்வே பட்டியலில் வராது. தேர்ந்தபின் சேமிக்கும் பொத்தான் மங்கலாகவே இருக்கிறதா? ப்ரீபிரஸ் தாவலில் "இன்ஃபோ ஸ்ட்ரிங்" காலியாக இருக்கும். புத்தகத்தின் பெயரை அடியுங்கள், உயிர் வந்துவிடும். அதே தாவலில் வெட்டுக்குறியும் "ஆவண ப்ளீடைப் பயன்படுத்து" என்பதும். எக்ஸ்-3 ஒளிபுகும் தன்மையை ஏற்காது. படத்தின்மேல் நிழல்பெட்டி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அல்லது அச்சகம் சம்மதித்தால் எக்ஸ்-4.

அட்டையை, அச்சகத்தார் மொழியில் ரேப்பரை, தனி ஆவணமாகச் செய்யுங்கள். 56 தாள், தாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. என்றால் முதுகு 5.6 மி.மீ. வரும். அகலம் 140 + 5.6 + 140 = 285.6, ப்ளீடோடு 291.6 × 222. முதுகு அளவை அவர்களின் தாளில் செய்த டம்மியை (வெற்றுத்தாள் மாதிரிப் புத்தகம்) பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த மெல்லிசு முதுகில் எழுத்து 10 புள்ளிக்கு மேல் வேண்டாம். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இந்தியாவில் இலவசம். எண் வந்தபின் ஸ்கிரைபஸின் பார்கோடு கருவியிலேயே பட்டைக்கோடு எடுக்கலாம், வெள்ளைப் பெட்டிக்குள் 100 கறுப்பில்.

கடைசியாக, பிடிஎஃபைக் கொடுக்கும் இடம். சில அச்சக ஆபரேட்டர்கள் பக்கங்களை அடுக்கக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் பிடிஎஃபைத் திறப்பார்கள். அங்கே "டெக்ஸ்ட்" என்று இறக்கினால் யுனிகோட் தமிழ் சிதறும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "கர்வ்ஸ்" என்று, அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக, இறக்கச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் ஸ்கிரைபஸிலேயே எழுத்துருத் தாவலில் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி இன்னொரு பிடிஎஃப் எடுத்துக் கையோடு வைத்திருங்கள். சிறிய எழுத்து ஒரு நூல் தடிப்பாகத் தெரியலாம், உடைவதைவிடத் தேவலை. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் தமிழ் குழம்புகிறதே என்று பயப்பட வேண்டாம். அதற்கும் அச்சுக்கும் சம்பந்தமில்லை.

படங்கள் ஸ்கிரைபஸ் கோப்புக்குள் இருப்பதில்லை, இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். பென்டிரைவில் எடுத்துப் போவதற்கு "கலெக்ட் ஃபார் அவுட்புட்" போட்டால் படமும் எழுத்துருவும் ஒரே கோப்புறையில் சேரும். ப்ரூஃபில் பிழை கண்டால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிடிஎஃபாக அனுப்பாமல் முழுதாக எடுத்து, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, பழையதை அவர்கள் கணினியிலிருந்து உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.